மூக்குப் பத்தியம்

"அடுத்த வாரம் கண்டிப்பா சேர்ந்துடலாம் மேடம்" என்று அந்த அம்மாள் போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. போன வாரமும் இதே வாக்கியம், அதற்கு முந்தைய வாரமும் இதே வாக்கியம். தேன் தடவின குரல். பேசி முடித்ததும் போனைத் துடைக்க வேண்டும் போலிருக்கும்.

எங்கள் வீட்டில் அந்த அம்மாளுக்கு 'அடுத்தவாரம்' என்றே பெயர். வைத்தவர் என் மாமியார்.

"யாரு, அடுத்தவாரமா பேசினா? என்ன சொல்றா?"

"அடுத்த வாரமாம் அத்தை."

"அப்ப என் முட்டி?"

என் வேலைக்கும் அவர் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் மோந்து பார்த்துச் சம்பாதிப்பவள். சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது. பால் நிலையத்தில் டேங்கர் லாரியின் மூடியைத் திறந்ததும் முதலில் உள்ளே தலையை நீட்டியவள் நான்தான். பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவினார்களா, மாடு எதை மேய்ந்தது, பால் வெயிலில் நின்றதா என்பதெல்லாம் மெஷினுக்கு முன்னால் என் மூக்குக்குத் தெரிந்துவிடும். நான் தலையை ஆட்டினால் பால் உள்ளே போகும். ஆட்டாவிட்டால் லாரி வந்த வழியே திரும்பும்.

அந்த மூக்கைக் கேள்விப்பட்டுத்தான் பெரிய சமையல் எண்ணெய் ஆலை ஒன்று என்னைக் கூப்பிட்டது. தனி அறை, கூடுதல் சம்பளம், ஒவ்வொரு லாரிக்கும் என் கையெழுத்து. இன்ன தேதியில் வந்து சேரவும் என்று ஆர்டர் கைக்கு வந்ததும் பால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் மறுநாளே வேறு ஆளை உட்கார வைத்தார்கள். திரும்பிப் போக வழியில்லை.

புது வேலைக்குப் போகும் முன் மூக்கைச் சுத்தம் செய்துகொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். காபி கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. வாசனை சோப்பு, பவுடர், கொசுவத்தி எதுவும் கூடாது. நான் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை, வீடே ஒழுங்காக இருக்க வேண்டும். பஸ் டிரைவரான என் கணவர் தலைக்குப் போடும் வாசனை எண்ணெயை எடுத்துப் பரண்மேல் வைத்தார். மாமியார் முட்டிவலித் தைலத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். 'மூக்குப் பத்தியம்' என்று இதற்கும் பெயர் வைத்தார். கொஞ்ச நாள்தானே என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆலையில் ஆள் சேர்க்கிற அந்த அடுத்தவாரம் போன் செய்யச் செய்யத் தேதி தள்ளிப் போனது. பத்தியமும் கூடவே தள்ளிப் போனது. ஒருநாள் மாமியார் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு ஏதோ செய்தார். வெளியே வந்ததும் நான் முகத்தைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார்.

"தைலம் தடவினீங்களா அத்தை?"

"தடவலையே. காஞ்சு போச்சான்னு பாட்டிலைத் தொறந்து பார்த்தேன். பார்க்கவும் கூடாதா?"

சிரிப்பு வந்தது. ஆனால் வீடு இப்போது என் கணவர் ஒருவர் சம்பளத்தில் ஓடியது. அவர் இரட்டை ஷிப்ட் எடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் நிறுத்தத்தில் ஆட்கள் கை காட்டியும் தாண்டிப் போய் எங்கோ நிறுத்தியிருக்கிறார். கண்டக்டர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்ததாம். "கண்ணைத் தொறந்துக்கிட்டேதான் இருந்தேன், ஆனா பார்க்கலை" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வேலை கிடைத்தால்தான் அந்த இரண்டாவது ஷிப்ட் நிற்கும். வேறு கணக்கே கிடையாது.

அந்த நேரம் பார்த்து மினுக்கு போன் செய்தான்.

அவன் பெயர் வேறு. நான் வைத்த பெயர் இது. சட்டை மினுங்கும், ஷூ மினுங்கும், வழித்துச் சீவிய தலை மினுங்கும், பேசும்போது உதடும் மினுங்கும். பழைய எண்ணெயைச் சுத்தம் செய்கிற தொழிற்சாலை வைத்திருக்கிறான். "நாளைக்கே சேரலாம். அங்க தர்றேன்னு சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. ஒரு தடவை வந்து பாருங்கம்மா" என்றான்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

தெருவில் திரும்பும்போதே வாடை வந்து முகத்தில் அறைந்தது. உள்ளே ஒரு கொட்டகை முழுக்கப் பீப்பாய்கள். ஓட்டல்களிலிருந்தும் கேன்டீன்களிலிருந்தும் வந்தவை. மூடியில்லாத பீப்பாய் ஒன்றில் கறுப்பாக, கூழ்போல எண்ணெய் கிடந்தது. மேலே ரொட்டித் துணுக்கு, மீன் செதில், முடி, ஊறிப்போன ஒரு சிகரெட் துண்டு. ஓரத்தில் ஒரு எலி மிதந்தது. ஒரு ஆள் சாவகாசமாக அதன் வாலைப் பிடித்துத் தூக்கி அப்பால் போட்டுவிட்டு, அதே கையால் பீப்பாயைச் சாய்த்தான். பத்தியம் இருந்த மூக்கு வேறு. ஊரே ஒரு பங்கு மோந்தால் நான் பத்துப் பங்கு மோந்தேன். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நடந்தேன்.

"இதெல்லாம் சோப்புக்கும் எஞ்சினுக்கும் போகுதும்மா. நாங்க மண்ணு போட்டு வடிகட்டி, நீராவி விட்டு வாடையை எடுத்துடுவோம்" என்றான் மினுக்கு. பிறகு ஏ.சி. அறையில் உட்கார வைத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினான். "இதை மட்டும் பாருங்க."

உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். மறு கையால் மூடி ஒரு சுற்றுச் சுற்றினேன். மூடிய கையை விலக்கி மோந்தேன். ஒன்றுமில்லை. நிறம் தங்கம் மாதிரி இருந்தது. மறுபடி மோந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு, கடைசியில், தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் ஈரச் சாம்பல் வாடை. அதற்கும் பின்னால் மெல்லிசாக மீன் தோல்.

"கடைசியில இருக்கு" என்றேன்.

மினுக்கு கை தட்டினான். "ரெண்டு லேபுல தேறின எண்ணெய்ம்மா இது! நீங்க ஒருத்தர்தான் பிடிச்சிருக்கீங்க. உங்களுக்கு எப்ப தெரியாம போகுதோ, அப்ப எனக்கு ஜெயம். அதுக்குத்தான் நீங்க வேணும்."

"சோப்புக்கு எதுக்கு சார் இவ்வளவு பாடு? சோப்பை யார் நாக்குல வைக்கப் போறாங்க?"

அவன் பல்லைக் காட்டினான். அந்தப் பல்லும் மினுங்கியது. வெளியே வந்து சாக்கடை ஓரம் குனிந்து எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். கணவர் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"சோப்புன்னுதானே சொல்றான்?"

"சொல்றான்."

"நீ பார்த்தியா, வேற எங்கயாவது போகுதுன்னு?"

"பார்க்கலை."

"அப்புறம் என்ன? உன்னை எண்ணெயைக் குடிக்கவா சொல்றான்? மோந்து பாருங்கறான். நாளைக்கே சேருன்னு வேற சொல்றான். இந்த அடுத்தவாரம் இப்படியே உன் காதுல பூச்சுத்திக்கிட்டே இருப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலை. என் கண்ணு எரியுது, அவ்வளவுதான்."

அவர் கண்கள் மிளகாய்ப் பழமாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டு மினுக்கை அப்படியே உதறித் தள்ள எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் நல்ல வேலை, தேதி இல்லை. மறு பக்கம் தேதி இருக்கிறது, நினைத்தாலே குமட்டுகிறது. எதற்கும் ஆலைக்கே நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

அடுத்தவாரம் நேரில் இன்னும் இனிப்பாக இருந்தாள். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன் மேடம். உங்க ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கோம். அந்த வாசனை போகாம உங்களை எப்படி உட்கார வைக்கறது? உங்க மூக்குக்கு மதிப்பு குடுத்துத்தான் தள்ளிப் போடறோம்."

நான் குளிர்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் மூக்குக்காக யாரும் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்து வைத்தது கிடையாது. அறையைப் பார்க்கலாமா என்றேன். பூட்டியிருக்கிறது, சாவி ஆளிடம் இருக்கிறது என்றாள். போகிற போக்கில் அந்தக் கதவைக் காட்டினாள். கதவிடுக்கில் பெயின்ட் வாடை துளியும் இல்லை, தரை துடைக்கிற மருந்து வாடைதான் வந்தது. மூக்கு ஒழுங்காகச் சொன்னது. நான்தான் கேட்கவில்லை. மூக்குக்கு மதிப்பு என்ற வார்த்தையில் மயங்கிக் கிடந்தேன்.

"காத்திருந்ததுக்கு எங்க சின்ன அன்பளிப்பு" என்று எண்ணெய் டின் ஒன்றைக் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே மினுக்குக்குப் போன் செய்து, "எனக்கு வேண்டாம் சார். வேற ஆளைப் பாருங்க" என்றேன். அவன் கோபப்படவே இல்லை. "சரிம்மா. எங்கயாவது சந்திக்காமலா போயிடுவோம்" என்று சிரித்தான். வீடு வரை தலை நிமிர்ந்து வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திமிர் எனக்கு.

மறுநாள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் டின்னை உடைத்து உருளைக்கிழங்கு சீவிப் பொரித்துக்கொண்டிருந்தார். முதல் ஈடு வெந்து இரண்டாவது ஈடு போடும்போது கையில் இருந்த துணி நழுவியது. ஈரச் சாம்பல்.

அடுப்படிக்கு ஓடினேன். கணவர் வாசலிலேயே தட்டை வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தார்.

"துப்புங்க!"

"ஏன், உப்பு கூடவா? நல்லாத்தானே இருக்கு."

"துப்புங்கன்னா துப்புங்க!"

டின்னிலிருந்து கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றினேன். சூடேற்றினேன், மூடினேன், சுற்றினேன். நல்ல எண்ணெய்தான் முக்கால்வாசியும். அது அடங்கிய பிறகு, கடைசியில், ஈரச் சாம்பல். அதற்குப் பின்னால் மீன் தோல். மினுக்கின் கிண்ணத்தில் இருந்த அதே வாடை, தண்ணீர் விட்டதுபோல் இளைத்து. இந்த வீட்டில் வெங்காயத்தைக்கூட விரட்டி வைத்திருந்ததால்தான் அது எனக்கு எட்டியது. அவர்கள் தேதியைத் தள்ளத் தள்ள என் மூக்கைத் தீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போதாதென்று மோந்து பிழைப்பவள் கையில் எண்ணெயையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூக்கு இல்லாத கூட்டத்துக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

மாமியார் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. நாலு வில்லை தின்னுட்டேனே."

"தெரியாது அத்தை. அதுக்குத்தான் அவங்க அவ்வளவு பாடு படறாங்க."

எலி மிதந்த பீப்பாய் கண் முன் வந்தது. அந்தக் கிழவியின் வயிற்றுக்குள் அது போயிருக்கிறது. எனக்கு வாந்தி வரவில்லை. அழுகைதான் வந்தது, ஆத்திரத்தில்.

அந்தக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு நேரே ஆலைக்குப் போனேன். அடுத்தவாரத்தின் மேஜைமேல் வைத்தேன்.

"மோந்து பாருங்க."

குனிந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு மேடம்."

"மினுக்கு எண்ணெய்." அவள் விழித்தாள். "பழைய எண்ணெயைச் சுத்தம் பண்றவன் ஒருத்தன், தலையும் ஷூவும் பளபளன்னு இருப்பானே, அவன்கிட்ட வாங்கிக் கலக்கறீங்க. மறைக்க வேண்டாம். ரெண்டையும் நான் மோந்துட்டேன்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி உட்கார்ந்தபோது அந்தத் தேன் குரல் இல்லை. களைத்துப்போன சாதாரணக் குரல் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் தள்ளிப் போட்டோம். இங்க மணம் பார்க்கற ஆள் இருந்தா, அவங்க கையெழுத்து இல்லாம லாரி உள்ள வரக் கூடாது. ஆள் இல்லாதப்ப மெஷின் ரிப்போர்ட் போதும். இந்த லாரியெல்லாம் வந்து முடியட்டும், அப்புறம் உங்களைச் சேர்க்கலாம்னு மேல சொன்னாங்க. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு வருது. உங்க கையெழுத்து இதுல படாம இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பா?"

"அப்ப பெயின்ட்?"

"அது ஒரு பேச்சுக்கு."

"உங்க வீட்டுல இந்த எண்ணெய்தானா?"

அவள் மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"நான் வெளியில சொல்லுவேன்."

"சொல்லுங்க. எந்த லேபுல குடுத்தாலும் தேறும். என் மூக்குக்குத் தெரியுதுன்னு சொல்லுவீங்க. எந்தக் கம்பெனி மூக்குன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க? வேலையில்லாத மூக்கைக் கேட்டு யாரும் லாரியைத் திருப்ப மாட்டாங்க மேடம்." முன்னால் சாய்ந்தாள். குரலில் தேன் மறுபடி ஊறியது. "எதுக்கு வம்பு? நாளைக்கே சேர்ந்துடுங்க. மேல நான் பேசிக்கறேன். முதல் கொஞ்ச நாள் மூக்கடைப்புன்னு நினைச்சுக்கோங்க. அப்புறம் பழகிடும்."

இத்தனை நாள் வீட்டையே பட்டினி போட்டுக் காத்திருந்த தேதி இதோ, எச்சில் இலை மாதிரி முன்னால் வந்து விழுந்தது. சீ என்று எழுந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் அவள் சொன்ன ஒரு வார்த்தை மனதில் மாட்டிக்கொண்டது. வேலையில்லாத மூக்கு.

"நாளைக்குச் சேர்ந்தா நாளைக்கே என் கையெழுத்துதானே?" என்றேன்.

"பின்ன?"

"சரி. வர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. எல்லோரையும் தன்னைப் போலவே எடை போட்டுப் பழகிவிட்ட முகம்.

மறுநாள் போனேன். அடையாள அட்டையை என் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள். பூட்டியிருந்த அறை திறந்தது. சுவரில் பழைய பெயின்ட் உரிந்து தொங்கியது. காலையிலேயே லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. மாதிரிக் கிண்ணம் வந்தது. நல்ல எண்ணெயோடு இன்னும் கலக்காதது. மினுக்கின் கொட்டகையே கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அவசரப்படாமல் சூடேற்றினேன், மூடினேன், சுற்றினேன், மோந்தேன். அதைக் கடைசிவரை மோந்து தொலைக்க வேண்டியிருந்தது. பிறகு 'நிராகரிக்கப்பட்டது, பயன்படுத்திய எண்ணெய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை லாரி டிரைவரிடமும் ஒரு பிரதியை வாசல் காவலாளியிடமும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காவலாளி படித்துப் பார்த்துவிட்டு, குறுக்குக் கம்பை இறக்கினார். அவருக்கு அந்தக் கையெழுத்துதான் சட்டம்.

அடுத்தவாரம் மூச்சு வாங்க ஓடிவந்தாள். லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க! உங்களுக்கு இங்க இனிமே ஒரு நிமிஷம் இடம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"இந்த ஒரு கையெழுத்துக்கா இத்தனை நாள் காத்திருந்தீங்க?"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்று அட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். அந்தக் கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. என் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் இரண்டாவது ஷிப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றைப் பிடித்த கை நின்றது.

"என்ன, அதுக்குள்ள?"

"வேலை முடிஞ்சுது."

முழுக்கச் சொன்னேன். குனிந்தபடியே கேட்டார்.

"லாரி திரும்பிப் போச்சா?"

"போச்சு."

"எங்க?"

"தெரியலைங்க. வேற ஏதாவது வாசலுக்குப் போயிருக்கும். அங்க யாரும் மோந்து பார்க்க மாட்டாங்க."

அவர் முடிச்சை இழுத்துக் கட்டினார். எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். வாசலில் நின்று, "ராத்திரி கொஞ்சம் லேட்டாகும்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமியார் அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "இனிமே தடவிக்கலாமாம்மா?"

நானே தைலத்தை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து அவர் முட்டியில் தேய்த்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்றார். அறை முழுக்கத் தைல நெடி ஏறியது. மிச்சத்தை என் மூக்குக்குக் கீழே அழுத்திப் பூசிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியும் அதற்கு அடியில் ஈரச் சாம்பல் இருந்தது.